வெறுங்கையோடு வந்த மூன்றாவது ஆள்

கண்ணுகளா, நேற்று சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டை ஷெட் வரைக்கும் கேட்டது. மொரீசியஸிலிருந்து சின்ன அப்பாரு அனுப்பிய விளையாட்டுப் பெட்டியைப் பிரித்து, ஆளுக்கொரு தாளை எடுத்து, உங்கள் வீரனுக்கு எந்தெந்தச் சண்டை வித்தை தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். மூன்றுதான் எடுக்கலாம் என்பது விதி. பெரியவள் வில் என்று எழுதி, அதை அடித்து ஈட்டி என்று எழுதி, மறுபடியும் வில் என்று எழுதினாள். சின்னவன் எல்லாமே வேண்டும் என்று அழுதான். கடைசியில் இரண்டு பேரும் என்னிடம் ஓடி வந்து, எதை எடுத்தால் சாகாமல் இருக்கலாம் என்று கேட்டீர்கள். வண்டிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன், அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றும் கேட்டீர்கள். பெட்டியில் மற்ற பகடைகள் எல்லாம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும்போது, அந்த இருபது முகப் பகடை மட்டும் ஏன் முனை மழுங்கி, எண் தேய்ந்து, பழசாகக் கிடக்கிறது என்று.

இரண்டு கேள்விக்கும் சேர்த்தே சொல்கிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது, பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பன்னிரண்டாவதோடு நின்றவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. இதே வீடு, வீட்டை ஒட்டி இதே தகர ஷெட். ஷெட்டில் என் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பனியன் தைத்துக் கொடுக்கும் யூனிட் நடத்தினார்கள். அந்தச் சித்தப்பாவைத்தான் நீங்கள் சின்ன அப்பாரு என்கிறீர்கள். அப்பா, அதாவது உங்கள் அப்பாரு, மூத்தவர், அதிகம் பேசமாட்டார். கணக்கும் சாவியும் அவரிடம். சித்தப்பாவுக்கு அப்போது இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பனியன் ஓரத்தை மடித்துத் தைக்கும் பேட்லாக் மிஷினில் உட்கார்ந்தால் அவர் வேகத்துக்குத் துணி எடுத்துக் கொடுக்கவே ஓர் ஆள் வேண்டும். அதற்கு முன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தார். அங்கே அறையில் உடன் தங்கியிருந்தவர்களிடம் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்தார். புத்தகமோ பெட்டியோ கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது அந்த ஒரு பகடை மட்டும்தான், பெரிய நெல்லிக்காய் அளவில், பச்சை நிறத்தில்.

மற்றதெல்லாம் அவரே செய்தது. துணி வெட்டுவதற்கு அளவு வைக்கும் பழுப்பு அட்டை இருக்கிறதே, அதில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எனக்கு ஒன்று, என் அக்காவுக்கு ஒன்று கொடுத்தார். மேலே நம் ஆளின் பெயர், கீழே மூன்று கோடுகள். கோட்டுக்கு ஒரு சண்டை வித்தை. பென்சிலில்தான் எழுத வேண்டும், ஆட்டம் ஆரம்பித்தபின் மாற்றக்கூடாது. பிறகு அவர் கதை சொல்வார். காடு வரும், கோட்டை வரும், எதிரி வருவான். நம் ஆள் என்ன செய்கிறான் என்று நாம் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும், பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. அப்போதெல்லாம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. மிஷின்கள் நின்றதும் தைப்பவர்கள் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். எங்கள் கதை அந்த நேரத்தில்தான் நடக்கும். கரண்ட் வந்தால் எதிரி வாளை ஓங்கியபடி அப்படியே நிற்பான், சித்தப்பா மிஷினுக்கு ஓடிவிடுவார்.

என் முதல் ஆளுக்கு மூன்று கோட்டிலும் வாள் என்றே எழுதினேன். மூன்று மடங்கு வாள் இருந்தால் யார் என்ன செய்துவிட முடியும்? ஆற்றைக் கடப்பதற்குள் எதிர்க்கரையிலிருந்து வந்த ஒரே ஓர் அம்பில் செத்துப்போனான். அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டு, இரண்டாவது ஆளுக்குக் கேடயம், இரும்புக் கவசம், இன்னொரு கேடயம் என்று எழுதினேன். அவனை யாராலும் அடிக்க முடியவில்லை. சேற்றில் காலை வைத்தான், கனம் தாங்காமல் உள்ளே போய்விட்டான். அக்காவின் வில்லாளி மட்டும் முதல் நாளிலிருந்து சாகாமல் வந்துகொண்டே இருந்தாள்.

"உன்ற ஆளு சாவறதுக்குன்னே பொறந்து வர்றான்டா" என்றாள் அக்கா.

ஓர் ஆட்டக்காரனுக்கு மூன்று ஆள்தான். மூன்றாவதும் செத்தால் அவனுக்குக் கதை முடிந்தது. மூன்றாவது அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது சித்தப்பா இன்னொரு விதியும் சொன்னார். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

"ஆளு உசுரோட இருக்கிற வரைக்கும் கதை நிக்காது கண்ணு. கதை சொல்றவன் எங்க இருந்தாலும் வந்து மீதியச் சொல்லித்தான் ஆகோணும்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா என்று தெரியாது. நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் வீட்டில் அப்போது ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு மொரீசியஸில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது, டிக்கெட்டும் வந்துவிட்டது. அப்பா மட்டும் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சித்தப்பா அந்தப் பேச்சை எடுத்தால், அப்பா நூல் வந்துவிட்டதா என்று கேட்பார். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். எங்கள் வீட்டில் அண்ணன் வாயைத் திறந்து போய்ட்டு வா என்று சொல்லாமல் தம்பி படி இறங்க முடியாது. சித்தப்பாவுக்கு அந்த ஒரு சொல் வேண்டியிருந்தது. எனக்கு அதெல்லாம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது ஒன்றுதான். என் மூன்றாவது ஆள் சாகாமல் இருந்தால் சித்தப்பா திரும்பி வந்தே ஆக வேண்டும். செத்தால், அவர் வரவேண்டிய காரணமே இல்லை.

அதனால் அந்த மூன்று கோடுகளை நிரப்ப முடியாமல் தவித்தேன். வாள் என்று எழுதுவேன், முதல் ஆள் ஞாபகம் வரும், அழிப்பேன். வில் என்று எழுதினால் அக்காவைக் காப்பியடித்த மாதிரி இருக்கும். மல்யுத்தம் எழுதி, எதிரி குதிரையில் வந்தால் என்ன செய்வது என்று அழிப்பேன். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. காஜா அடிக்கும் தெற்கத்தி அக்காவிடம் போய், ஒரே ஒரு ஆயுதம்தான் எடுக்கலாம் என்றால் எதை எடுப்பீர்கள் என்று கேட்டேன். அவர் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே, "எங்கூருல வெளக்கமாறுதான்லே எடுப்போம்" என்றார். அழித்து அழித்து அட்டையில் அந்த இடம் மட்டும் பனியன் துணி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. சித்தப்பாவுக்கு அன்று சாயங்காலம் சென்னைக்கு ரயில், அங்கிருந்து விமானம். மதியம் பூஜை முடிந்ததும் கடைசியாக ஒரு முறை உட்காரலாம், என் ஆளைத் தயாராக வைத்திரு என்று சொல்லியிருந்தார்.

நம் ஷெட்டில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், இன்றைக்கும் அப்படியேதான் செய்கிறோம். முதல் நாளே காற்றடித்துப் பஞ்சைப் பறக்கவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மிஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். கத்திரி, டேப்பு, ஊசிப் பாக்கெட், நூல் கோன் எல்லாம் முருகன் படத்துக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாக இருக்கும். பள்ளிக்கூடப் புத்தகங்களும் அங்கே போய்விடும். வைத்ததை மறுநாள் காலை பூஜை செய்து எடுக்கும் வரை யாரும் தொடக்கூடாது.

புத்தகங்களை வைக்கச் சொல்லி அம்மா கூப்பிட்டபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆயுதத்துக்குத்தானே பூஜை? என் ஆளின் ஆயுதங்களுக்கும் பூஜை போட்டால் அவனை யாரால் கொல்ல முடியும்? இன்னும் எதையும் எழுதவில்லை என்பது ஒரு பெரிய குறையாகத் தோன்றவில்லை. பூஜை முடிந்து எடுத்து எழுதினால் எழுதும் எல்லாவற்றுக்கும் அந்தப் பலன் சேரும் என்று நினைத்தேன். வெற்று அட்டையைக் கணக்குப் புத்தகத்தின்மேல், பெரிய கத்திரிக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். என்ன ஏது என்று பார்க்காமல் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனவர், என் அட்டைக்கும் நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். எல்லோரும் புதுத்துணியில் வந்து பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். மதியத்துக்கு மேல் ஷெட்டில் நாங்கள் மட்டும். என்றைக்கும் சத்தமாக இருக்கும் இடம் அப்படி ஓசையில்லாமல் கிடந்தது ஒரு மாதிரியாக இருந்தது. சித்தப்பா ஊருக்குப் போடும் சட்டையோடு பேட்லாக் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, அட்டையை எடுத்து வா என்றார்.

நான் படத்துக்கு முன்னால் போய்க் கையை நீட்டியதும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சாமிக்கு வைத்தது வைத்ததுதான், நாளைக்குக் காலையில் எடுத்துக்கொள் என்றாள். நாளைக்குச் சித்தப்பா இருக்கமாட்டார் என்றேன். அதற்கு அவள் என்ன செய்வாள்? எழுதிவிட்டு உடனே திருப்பி வைத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அழுகை வந்துவிட்டது. அக்கா பொரியை மென்றுகொண்டே நடந்ததைச் சித்தப்பாவிடம் விளக்கினாள்.

"ஆயுதமே எழுதாத அட்டைய ஆயுத பூஜைக்கு வெச்சிருக்கிறானுங்க சித்தப்பா."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உங்கம்மா சொல்றது ரைட்டுதான். நானே இன்னிக்கு என்ற கத்திரியத் தொடல. உன்ற ஆளு மட்டும் எப்பிடித் தொடுவான்? வெறுங்கையோட வரட்டும், வா."

அப்படித்தான் என் மூன்றாவது ஆள், ஒரு வித்தையும் தெரியாமல், கையில் ஒரு குச்சிகூட இல்லாமல் கதைக்குள் வந்தான்.

கதையில் அன்றைக்கு ஒரு பாலம். பாலத்தின் அந்தப் பக்கம் கோட்டைக் கதவு. கதவுக்கு முன்னால் ஒரு காவல்காரன் நின்றான். கையில் ஈட்டி, இடுப்பில் சாவி. அக்காவின் வில்லாளி முதலில் அம்பு விட்டாள். பகடையில் மூன்று விழுந்தது, அம்பு அகழியில் போய் விழுந்தது. காவல்காரன் திருப்பி அடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். இப்போது என் முறை. சித்தப்பாவின் வலது கால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்தது. கதை இறுகும்போதெல்லாம் அவர் கால் அப்படித்தான் செய்யும், மிஷின் பெடலை மிதிப்பது மாதிரி.

ஓடலாம் என்றால் பாலத்துக்குப் பின்னால் புலி என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். அடிக்க என்னிடம் ஒன்றுமில்லை. வாய் ஒன்றுதான் மிச்சம். அதனால் என் ஆள் பாலத்தில் நடந்து போய்க் காவல்காரனிடம் பேச ஆரம்பித்தான்.

"எவ்வளவு நாளா இங்க நிக்கறீங்க?"

"நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து" என்றார் சித்தப்பா, காவல்காரன் குரலில்.

"கோட்டை உங்களுதுங்களா?"

"எங்கண்ணனுது. பாதி என்னோடதும்பாங்க. ஆனா கதவு ஒண்ணுதான், சாவியும் ஒண்ணுதான்."

"வெளிய எங்கீமே போனதில்லீங்களா?"

"போகோணும்னு இருக்குது. நான் போயிட்டா கதவ யாரு பாத்துக்குவா? எங்கண்ணன் ஒத்தையா நிக்கோணும்."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவோரம் மேசையில் அப்பா மிச்சப் பொரிப் பாக்கெட்டுகளை எண்ணாமல் அட்டைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். பாக்கெட் விழும் சத்தம் நின்றிருந்தது. அதையெல்லாம் நான் இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன். அன்றைக்கு என் மூளை வேறு பக்கம் ஓடியது. காவல்காரனை எப்படியாவது அந்த இடத்தைவிட்டு நகர்த்திவிட்டால் போதும், கதவு என் கைக்கு வந்துவிடும். அதற்கு ஒரு தந்திரம் கிடைத்துவிட்டது.

"நான் நிக்கறேனுங்க" என்றேன். "நீங்க போயிட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் கதவப் பாத்துக்கறேன்."

சித்தப்பாவின் கால் நின்றுவிட்டது.

 பிறகு பகடையை உருட்டினார். அது நிற்பதற்குள் உள்ளங்கையால் மூடி, கையை லேசாகத் தூக்கித் தான் மட்டும் பார்த்துவிட்டு, அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எவ்வளவு விழுந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் கத்தினோம். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா மேசையிலிருந்து எழுந்து வந்தார்.

அப்பா எங்கள் விளையாட்டுப் பக்கம் அதுவரை வந்ததே இல்லை. மிஷின்களுக்கு நடுவில் மெதுவாக வந்து, தன் சட்டைப் பையிலிருந்து ஷெட் சாவியை எடுத்தார். குனிந்து, அதை என் முன்னால் தரையில் வைத்தார்.

"அதுதான் அவன் நிக்கறேங்கறானில்ல" என்றார். "நீ கெளம்பு. ரயிலுக்கு நேரமாச்சு. போயிட்டு வா."

"சரிங்கண்ணா" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான். சித்தப்பா எழுந்து தன் மிஷினின் தலையில் ஒரு முறை கையை வைத்து எடுத்தார், விரலில் சந்தனம் ஒட்டிக்கொண்டது. பெட்டியை அப்பாவே தூக்கி டிவிஎஸ்ஸின் முன்பக்கம் வைத்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பொரிப் பாக்கெட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் செருகினாள்.

நான் அழவே இல்லை. குதித்துக்கொண்டிருந்தேன். ஒரு கத்திகூட இல்லாமல் கோட்டைக் கதவைப் பிடித்தவன் நான். என் தந்திரத்தில் காவல்காரன் மட்டுமல்ல, அப்பாவே மாட்டிக்கொண்டார், சாவியையே கொடுத்துவிட்டார் என்று தெருவில் கண்டவனிடமெல்லாம் சொன்னேன். என் ஆள் சாகவில்லை. ஆகையால் கதை நிற்காது. ஆகையால் சித்தப்பா அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ வந்து மீதியைச் சொல்லியே ஆக வேண்டும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

விரல் இடுக்கில் பகடையைப் பார்த்துவிட்டதாக அக்கா பிறகு சொன்னாள். இரண்டுதான் விழுந்தது என்றாள். இரண்டு விழுந்தால் காவல்காரன் என் பேச்சைக் கேட்டிருக்கவே கூடாது. பொறாமையில் பொய் சொல்கிறாள் என்று அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. இன்றைக்கும் ஃபோனில் கேட்டால் இரண்டுதான் என்கிறாள்.

சித்தப்பா வந்தார். கல்யாணங்களுக்கு வந்தார், உங்கள் அப்பாரு படுத்துக் கிடந்தபோது வந்து பத்து நாள் கூடவே இருந்தார். ஒவ்வொரு முறையும் மீதிக் கதை என்று ஆரம்பிப்போம், யாராவது கூப்பிடுவார்கள். பேட்லாக் மிஷினில் மட்டும் அவர் திரும்ப உட்காரவில்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அதில் நான் உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நிற்கிறேன் என்று நான்தானே சொன்னேன். அந்தப் பாலத்தில் நான் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டதாக நினைத்தேன். அவரை அனுப்பி வைத்ததே நான்தான் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே தெரிந்தது? அன்றைக்குப் பையில் போட்டுக்கொண்டு போய் இத்தனை வருஷம் கூடவே வைத்திருந்த அந்தப் பகடையை இப்போது உங்கள் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார். எந்த வித்தையை எடுப்பது என்று கேட்டீர்களே, எதை வேண்டுமானாலும் எடுங்கள். மூன்றில் ஒன்றை மட்டும் காலியாக விட்டுப் பாருங்கள்.

மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பூஜை செய்து எல்லாவற்றையும் எடுத்தோம். அப்பா ஒவ்வொரு மிஷினாகப் போய் உட்கார்ந்து ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து ஓட்டினார். பேட்லாக்கையும் ஓட்டினார். பிறகு டீ குடிக்க வீட்டுக்குள் போனார். ஷெட்டில் நான் மட்டும் இருந்தேன். அட்டையை எடுத்துப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து நடுவில் ஒரு வட்டமாக நின்றது, கீழே மூன்று கோடுகளும் காலியாக இருந்தன. பென்சில் காதில்தான் இருந்தது. வாள் என்று எழுதலாம், இனி யாரும் தடுக்கமாட்டார்கள். எழுதவில்லை. அட்டையின் மேல்முனையில் பென்சிலால் ஓர் ஓட்டை போட்டேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கதவுக்குப் பக்கத்தில் சாவி மாட்டும் ஆணியில் அதை மாட்டினேன். அதன்மேல் அப்பா கொடுத்த சாவியை மாட்டிவிட்டு இறங்கினேன்.